மெனி அண்ணையின் எண்ணிக்கை

ஆங்கிலப் பன்மையைக் காப்பதற்காக சிட்னி நகரத்தில் எவராவது தம் உயிரைக் கொடுத்திருந்தால், அது எந்தப் பல்கலைக்கழகத்திலும் நிகழ்ந்திருக்காது. வென்ட்வேர்த்வில் ரயில் நிலையத்துக்கு எதிரே, பற்றிஸும் றோல்ஸுமாக இலங்கைச் சிற்றுண்டிகள் விற்கும் ஒரு சிறு கடையின் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால்தான் நிகழ்ந்திருக்கும். அங்கே மெனி அண்ணை நின்றார். அவருடைய இயற்பெயர் சம்பளச் சீட்டில் மட்டுமே வாழ்ந்தது. இலக்கிய மாணவியான நான், வார இறுதிகளில் அதே கடையில் பில் போட்டேன்.

எண்ணக்கூடியவற்றுக்கு ‘மெனி’, எண்ண முடியாதவற்றுக்கு ‘மச்’. ஒன்றென்றால் ஒருமை, அதற்கு மேல் பன்மை. இவற்றை அவர் சுகாதார விதிகளுக்கு நிகராக அமுல்படுத்தினார்.

நம்மவர்கள் ஒன்றே ஒன்று வாங்கினாலும் ‘றோல்ஸ்’ என்றுதான் கேட்பார்கள். ஒருநாள் கழுத்துப்பட்டி அணிந்த பொறியியலாளர் ஒருவர் அவசரமாக நுழைந்தார்.

“அண்ணை, ஒரு றோல்ஸ் தாங்கோ.”

“றோல்ஸ் எண்டா ரெண்டுக்குக் குறையாது. ஒண்டெண்டா றோல்.”

“பசிக்குது அண்ணை!”

“பசிக்குப் பன்மை இல்லைத் தம்பி. றோலுக்கு இருக்கு.”

பொறியியலாளர் இரண்டு வாங்கிக்கொண்டு போனார். முதலாளி இந்தப் போக்கைக் கண்டிக்காததன் காரணம் எனக்கு அன்றுதான் விளங்கியது.

எதிர்க் கடையின் கரும்பலகையில் ‘எவ்ரி வெஜிடபிள்ஸ் ஃப்ரெஷ்’ என்று எழுதியிருந்தது. ‘எவ்ரி’க்குப் பின் ஒருமையே வரவேண்டும் என்று, அண்ணை ஈரத்துணியுடன் வீதியைக் கடந்துபோய் வெஜிடபிள்ஸின் கடைசி எழுத்தைத் துடைத்துவிட்டு வந்தார். அந்தக் கடை அன்ரி எங்கள் முதலாளியிடம் முறைப்பாட்டோடு வந்தார்: “உங்கட ஆள் என்ர எழுத்தொண்டைக் களவெடுத்திட்டார். விசரோ அவருக்கு?”

அண்ணை தோற்றது ஒரே ஒருமுறைதான். ஒளிரும் மஞ்சள் மேலங்கி அணிந்த வெள்ளைக்காரத் தொழிலாளி ஒருவர் தேநீர் கேட்டு, “டூ சுகர்ஸ், மேட்” என்றார். சீனியோ எண்ண முடியாத பொருள். அண்ணை திருத்தாமலே இரண்டு கரண்டி போட்டுக் கொடுத்தார். ஒரு வாரம் யோசித்த பிறகு என்னிடம் தீர்ப்பை வெளியிட்டார்:

“அவையள் இஞ்ச பிறந்த ஆக்கள், தங்கச்சி. அவைக்கு விலக்கு இருக்கு. நாங்கள் பிழை விடேலாது.”

அந்தக் கடைசி வாக்கியத்தில் பகிடி இல்லை என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். படகில் வந்தவர் அவர். பன்னிரண்டு ஆண்டுகளாகத் தற்காலிக விசாவில் இருந்தார். மனைவியும் மகளும் தாயும் வவுனியாவில் இருந்தார்கள். நிரந்தர விசாவுக்கான நேர்காணலுக்கு அப்போதுதான் அழைப்பு வந்திருந்தது. அது சரிவந்தால்தான் மனைவியையும் மகளையும் கூப்பிடலாம். இத்தனை இருந்தும், மொழிபெயர்ப்பாளர் வேண்டாம் என்று அவர் எழுதிக் கொடுத்துவிட்டார்.

முதலாளி கொதித்தார். “டேய், இலவசமா ஆள் தருவாங்கள். உன்ர றோல் இங்கிலிசைக் கொண்டுபோய் அங்க விக்கப் போறியோ?”

“முதல் நேர்காணலுக்கும் அப்பிடித்தான் ஒராள் மொழிபெயர்க்க வந்தவர்,” என்றார் அண்ணை. “நான் அழுதழுது சொன்னனான். அவர் அதை அழாமல் சொன்னார். இந்தமுறை நானே சொல்லுவன்.”

துணைக்கு வரும்படி என்னைக் கேட்டார். வாய் திறக்கக் கூடாது என்பது நிபந்தனை. எனக்கு அது கடினமானதன்று.

நகரத்து அலுவலகமொன்றின் சிறிய அறையில் அவர் நாற்பது நிமிடங்கள் பேசினார். ஒவ்வொரு பெயர்ச்சொல்லும் தனக்குரிய எண்ணிக்கையுடன் ஒழுங்காக வந்து நின்றது. பிறகு அந்தப் பெண் அதிகாரி, எழுதிக்கொண்டே, மிகச் சாதாரணமாகக் கேட்டார்: உங்களுக்குச் சகோதரர்கள் எத்தனை பேர்?

அண்ணையின் விரல்கள் மேசைமீது ஒருமுறை விரிந்து மடங்கின. அதிகாரி தலை நிமிர்ந்தார். பல ஆண்டுகளுக்கு முன் அண்ணை நிரப்பிய படிவம் அங்கே திறந்திருந்தது. அதனுடன் முரண்படும் ஓர் எண் போதும், எல்லாவற்றையும் சந்தேகிக்க.

அண்ணை என் பக்கம் திரும்பினார். “தங்கச்சி, தம்பி கடைசிச் சண்டையில காணாமல் போனவன். அம்மா இண்டைக்கும் அவனுக்கும் சேர்த்துத்தான் உலையில அரிசி போடுறா. அவனை எண்ணுறதோ, விடுறதோ?”

நான் நிபந்தனையை மீறினேன். “அம்மா எண்ணுற மாதிரி எண்ணுங்கோ, அண்ணை.”

அவர் அதிகாரியைப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னார்: இரண்டு சகோதரர்கள். ஒருவர் கனடாவில். ஒருவரை நாங்கள் இன்னும் தேடுகிறோம். குரல் உடைந்தது, ஆனாலும் நிறுத்தாமல், தம்பியின் பெயரையும் வயதையும் கடைசியாகக் கண்ட இடத்தையும் தாமே சொல்லி முடித்தார். அதிகாரி படிவத்தைப் பார்த்தார். முன்பும் இரண்டு என்றுதான் எழுதியிருக்கிறீர்கள் என்று மெதுவாகச் சொன்னார்.

விசா ஐந்து மாதங்களில் கிடைத்தது. மனைவியும் மகளும் வந்து சேர்ந்தார்கள்.

நேர்காணல் நடந்த அன்று மாலை இவை எவையும் எங்களுக்குத் தெரியாது. திரும்பும் ரயிலில் ஏறிய சிறிது நேரத்தில் அவர் உறங்கிப்போனார். தலை என் தோளில் சாய்ந்தது. கடையில் ஐந்து மணிக்கு எங்கள் இருவருக்கும் வேலை இருந்தது. வென்ட்வேர்த்வில் வந்தது, கதவுகள் திறந்தன, மூடின. நான் அவரை எழுப்பவில்லை. இன்னும் சில நிலையங்கள் தள்ளியிருக்கும் பிளாக்டவுன் வரும்வரை தூங்கட்டும் என்று நினைத்து, ரயில் தாமதம் என்று முதலாளிக்கு ஒரு பொய் அனுப்பினேன்.