முருகேசன் சொல்லாத வார்த்தை

எமனிடமிருந்து ஆளைத் திருப்பி வாங்கிக் கொடுக்கும் வல்லமை மட்டாஞ்சேரியில் ஒரே ஒருவருக்குத்தான் இருந்தது. அவருக்கும் ஞாயிற்றுக்கிழமை லீவு. கல்யாண வீடியோவும் கோயில் மைக் செட்டும் பார்த்துவந்த அவருக்கு நாங்கள் வைத்த பெயர் ரிட்டர்ன் அண்ணன். சொந்தப் பெயர் அவருடைய ரேஷன் கார்டுக்கு மட்டும் தெரியும்.

நான் அப்போது அவர் கடைக்குப் பக்கத்து மிளகுக் கடையில் வேலையில் இருந்தேன். அவர் ஒரு பழைய கம்ப்யூட்டரை வாங்கிப் போட்ட நாளிலிருந்து எங்கள் தெருவில் செத்தவர்களுக்கு நிம்மதி போயிற்று. யார் வீட்டுக் குடும்பப் படத்திலும் போனவரைக் கொண்டுவந்து உட்கார வைத்துவிடுவார். ஒருமுறை காலமான மாமனாரின் தலையை மருமகனின் உடம்பில் ஒட்டிக் கொடுத்தார்.

"எங்கப்பா ஜீன்ஸ் இடவே மாட்டாரே சேட்டா!" என்று மகள் அழுதாள்.

"அங்க போனப்புறம் மாறியிருக்கலாம், இல்லியா?" என்றார் கொஞ்சமும் அசராமல்.

அடுத்து குரல். அதற்கு வந்தவர் சரோஜா அக்கா. அவர் கணவர் முருகேசன் கார்ப்பரேஷன் ஊழியர். கோயில் திருவிழாவில் அறிவிப்புச் செய்வதும் அவர்தான். மகள் செல்வி தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டதால் அவளிடம் பேசாமலே செத்துப்போனார். முதல் வருஷத் திவசம் நெருங்கியது. ஆலுவாவில் இருந்த செல்வி வரமாட்டேன் என்றாள். கோபத்தோடு போனவருக்குத் தன் முகம் பிடிக்காதாம்.

"அவர் மன்னிச்சதாட்டு ஒரு வார்த்தை அவர் குரல்ல பண்ணிக் குடு, தம்பி. சாகறதுக்கு முந்தி சொன்னாருன்னு நான் பறஞ்சுக்கறேன்" என்றார் அக்கா.

"இவ்வளவுதானா? மூணு நாள் போதும்" என்றார் அண்ணன்.

முருகேசன் குரல் இருந்ததோ திருவிழாக் கேசட்டுகளில் மட்டும். "மோளே, வரிசையில நில்லு" என்பதிலிருந்து ஒரு துண்டு. "கரண்ட் போனதுக்கு மன்னிச்சுக்குங்க" என்பதிலிருந்து ஒன்று. "செருப்பை வெளியே விடச் சொல்லிட்டேன்" என்பதிலிருந்து வால். முதல் நாள் முருகேசன் மகளை மன்னித்த கையோடு பச்சைச் சட்டைக் குழந்தை ஆபீசில் அழுவதாகவும் அறிவித்தார். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் அண்ணன் என்னை மறுபடி கூப்பிட்டுப் போட்டுக் காட்டினார். "மோளே, மன்னிச்சிட்டேன்." அச்சு அசல் முருகேசன். எனக்குச் சிரிப்பு வரவில்லை, பயமாக இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அண்ணன் அதை அழித்துவிட்டு, மறுபடி கேசட்டுகளை ஒவ்வொன்றாக முதலிலிருந்து கேட்க உட்கார்ந்தார்.

மறுநாள் அக்கா எப்படியோ மகளைக் கடைக்கு இழுத்து வந்தார். அண்ணன் ஒரு கேசட்டைப் போட்டார். முருகேசன் இருந்தபோது நடந்த கடைசித் திருவிழாவுடையது. ஒலிபெருக்கியை இணைக்கும் முன்பே பதிவு ஓடத் தொடங்கியிருந்ததால், ஊரில் யாருக்கும் கேட்காத பேச்சு அது. முருகேசன் யாரிடமோ தாழ்ந்த குரலில் சொன்னார்: "எடா, அங்க செல்வி கைப்பிள்ளையோட வெயில்ல நிக்கறா. ஒரு ஸ்டூல் கொண்டு இடு. நான் சொன்னேன்னு பறய வேண்டா."

செல்வி இரண்டாம் முறை போடச் சொன்னாள். மூன்றாம் முறை கேட்கும்போது முந்தானை வாயில் இருந்தது.

"கோயில்காரங்க இட்டாங்கன்னுல்ல நான் நெனச்சேன்... திவசம் என்னிக்கும்மா?" என்றாள்.

அவள் வாசலுக்குப் போனதும் அக்கா மெதுவாகக் கேட்டார். "நான் சொன்ன அந்த வார்த்தை?"

"எவ்வளவோ பார்த்தேன் அக்கா, ஒட்டவே இல்ல. அத்தனை வித்தை எனக்கு அறியாது" என்றார்.

ஒன்றும் தெரியாதவர் போல் தலையைச் சொறிந்துகொண்டு நின்ற அந்த மனுஷரை எனக்கு அன்றைக்குப் போல என்றைக்கும் பிடித்ததில்லை.