கணேசன் அண்ணனுக்குப் பின்னால் போன கறுப்புப் பை

இதை எழுதலாமா வேண்டாமா என்று நாலு வருஷமாக யோசித்தேன். பேனையை எடுப்பேன், வெட்கம் வந்து வைத்துவிடுவேன். இன்றைக்கு பிஸ்மி சொல்லித் தொடங்கிவிட்டேன். படிக்கிறவர்கள் எனக்காக ஒரு துஆ கேளுங்கள். (சிரித்து முடித்த பிறகு கேட்டாலும் போதும்.)

கல்முனையில் எனக்கொரு சாப்பாட்டுக் கடை. குப்பை கொட்டுகிற இடம் நிரம்பிவிட்டது, இனிப் பிரிக்காமல் கலந்து வைத்தால் ஏற்றமாட்டோம் என்று மாநகர சபையிலிருந்து வந்து சொன்னார்கள். மிச்சச் சோறு, மரக்கறித் தோல், முட்டைக் கோது ஒரு வாளியில்; சோறு சுற்றுகிற லன்ச் சீட், போத்தல் வேறாக. வாளியை என்ன செய்வதென்று முழித்துக்கொண்டிருந்தபோதுதான் காரைதீவுக் கணேசன் அண்ணன் பெட்டி பூட்டிய லேண்ட்மாஸ்டர் உழவு மெஷினில் வந்து இறங்கினார்.

"காக்கா, அந்த வாளிய எனக்குத் தாங்க. ஒவ்வொரு நாளும் வந்து எடுக்கன்."

"அதுக்கு என்ன தரணும்?"

"ஒண்டும் வேணா."

அந்த "ஒண்டும் வேணா"தான் என்னைக் கெடுத்தது. உலகத்தில் யாராவது ஊத்தையைக் கேட்டு வாங்குவார்களா? முதலில், என் புரியாணியின் இரகசியத்தைக் கண்டுபிடிக்கப் பார்க்கிறாரோ என்று நினைத்தேன். (அப்படியொரு இரகசியம் இல்லை என்பது சாப்பிட்டவர்களுக்குத் தெரியும்.) பிறகுதான் நெஞ்சில் அது விழுந்தது: பன்றிக்குப் போடுகிறாரோ? என் கடைச் சோறு பன்றியின் வயிற்றிலா? நாளை மறுமையில் கேட்டால் என்ன சொல்வேன்?

"இஞ்சருங்க, அவரிட்டயே கேளுங்களன்," என்றாள் மனைவி றிஸ்வானா.

"உனக்கு உலகம் தெரியா," என்றேன். (எனக்குத் தெரிந்த உலகம் அக்கரைப்பற்றோடு முடிகிறது.)

ஒருநாள் சுபஹுத் தொழுதுவிட்டுக் கடைக்கு வந்தேன். அவர் வாளியை ஏற்றிக்கொண்டு புறப்பட்டதும் ஹெல்மெட்டை மாட்டிப் பின்னால் வெளிக்கிட்டேன். பிடிபட்டால், "இந்தப் பை விடுபட்டுப் போச்சு அண்ணன்" என்று சொல்வதற்காக வாசலில் யாரோ போட்டுவிட்டுப் போன கறுப்புக் குப்பைப் பை ஒன்றையும் மோட்டார் சைக்கிளில் கொழுவிக்கொண்டேன். என்ன மூளை!

லேண்ட்மாஸ்டர் மனிதன் நடக்கிற வேகத்தில்தான் போகும். அந்த மெதுவில் மோட்டார் சைக்கிளோடு விழாமல் இருப்பதற்காக நாலு இடத்தில் இறங்கி, ஒரு பிழையும் இல்லாத செயினைப் பார்த்தேன். மாவடிப்பள்ளியில் அவர் வயல் பாதைக்குள் திரும்பினார். நான் பையோடு வாய்க்கால் ஓரம் ஒரு மரத்துக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன்.

கடைக்காரன் எவனோ ஹெல்மெட்டோடு விடியற்காலையில் வந்து அந்த வாய்க்காலில் குப்பை வீசுவதும், அவனைப் பிடிக்க வயல்காரர்கள் அன்றைக்குக் காவல் நின்றதும் எனக்கெப்படித் தெரியும்?

"புடிச்சாச்சி! ஹெல்மெட் கள்ளன் புடிபட்டுட்டான்!"

நாலு பேர் சூழ்ந்தார்கள்.

"நான் கொட்ட வரல்ல!"

"அப்ப பையத் தூக்கிட்டு வயல் பாக்கவா வந்த?"

ஒருவர் பையைக் கவிழ்த்தார். சோறு, எலும்பு, லன்ச் சீட், போத்தல் எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடந்தது. மேலே என் கடைப் பேர் அச்சடித்த புரியாணிப் பெட்டி.

"கல்முனைக் கடையா? போட்டோ எடு, பேஸ்புக்ல போடு!"

அந்தப் படம் போனால் என் கடையில் யார் கை நனைப்பான்? ஜும்ஆவுக்கு எந்த முகத்தோடு போவேன்?

அதற்குள் கணேசன் அண்ணன் ஓடி வந்தார். "விடுங்கடா! கல்முனையில குப்பைய ஒழுங்காப் பிரிச்சுத் தாற மனிசன் இவர். பை விடுபட்டிருக்கும், எனக்குத் தரக் கொண்டு வந்திருப்பார். அப்பிடித்தானே காக்கா?"

நான் கட்டிக்கொண்டு வந்த பொய்யை அவரே என் வாயில் ஊட்டுகிறார்! தலையை ஆட்டினால் போதும். பாதி ஆட்டியும்விட்டேன். ஆனால் சுபஹுத் தொழுத வாய் கேட்கவில்லை.

"இல்ல அண்ணன். நீங்க பண்டி வளக்கயளோ எண்டு பாக்க வந்தன்."

நாலு பேரும் வயல் வரம்பில் உட்கார்ந்து சிரித்தார்கள். போட்டோவை மறந்தே போனார்கள். கணேசன் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்து வயல் மூலைக்குக் கூட்டிப் போனார். வைக்கோலும் என் கடைத் தோலும் கோதும் அடுக்கிய மூன்று குழிகள், மேலே ஆவி பறந்தது. எல்லாம் மக்கி வயலுக்குப் பசளையாகிறது. (அப்போதும் என் கண் பன்றிக்கூடு தேடியது, அல்லாஹ் மன்னிக்க வேண்டும்.)

"வாயால கேட்டிருக்கலாமே காக்கா," என்றார்.

அடித்திருந்தால்கூட இவ்வளவு நொந்திருக்காது. மாப்புக் கேட்டேன்.

"மாப்புக் கிடக்கட்டும். அந்தப் பையப் பிரிச்சுப்போட்டுப் போங்க."

காவல்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்க, குந்தியிருந்து எலும்பு வேறு, லன்ச் சீட் வேறாக வெறுங்கையால் பிரித்தேன்.

இன்றைக்கும் வாளி அவரிடம்தான் போகிறது. வீட்டில் நான் மீன்காரனைச் சந்தேகித்தாலும் சரி, மருமகனைச் சந்தேகித்தாலும் சரி, "ஹெல்மெட்ட எடுத்துத் தரட்டா?" என்கிறாள் றிஸ்வானா.

அதையும் பொறுத்திருப்பேன். ஆனால் கதை வாய்க்கு வாய் வளர்ந்து, அன்றைக்கு வயலில் என்னை ஆனை துரத்தியதாகச் சாய்ந்தமருதில் கதைக்கிறார்கள். மருதமுனைக்காரர் சொல்கிற கதையில் நான் தென்னையில் ஏறியிருக்கிறேன். என் சொந்த மச்சானோ, ஆனை பையைத் தின்றதைக் கண்ணால் கண்டானாம்! அதனால்தான் எழுதினேன். இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள், ஆனால் எழுதியபடியே சொல்லுங்கள். நல்ல மனிதனை நான் சந்தேகித்ததில் ஒரு சொல்லும் குறைக்க வேண்டாம். ஆனையை மட்டும், அல்லாஹ்வுக்காக, சேர்க்காதீர்கள்.