சம்பளம் பேசப் போய்த் தூங்கவைத்த கதை

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வணக்கம். நான் நலம். சித்தியின் முழங்கால் வலியும் உங்கள் கோபமும் இந்தக் கடிதம் வருவதற்குள் சற்றுத் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

இன்று நான் சொல்லாமல் வந்ததை முதலில் எழுதிவிடுகிறேன். ‘என் ஆறு வருட அனுபவத்தைக் கணக்கில் எடுங்கள்’ என்று சொல்லவில்லை. ‘இப்போது வாங்குவதைவிடக் குறைந்தால் டயாலிசிஸ் பிரிவுக்கு வரமாட்டேன்’ என்று சொல்லவில்லை. நீங்கள் போனில் மூன்று தடவை ஒப்பிக்கவைத்த தொகையையும் சொல்லவில்லை. சொல்லிக்கொடுத்ததில் ஒன்றை மட்டும் அப்படியே செய்தேன். பேசாமல் இருந்தேன்.

ஊழியர் பிரிவு அதிகாரியின் அறை மதிய வெயிலில் மீன்தொட்டி மாதிரி இருந்தது. பச்சைத் திரை, அதற்குள் வடிந்து வரும் வெளிச்சம், எங்கோ ஓடும் ஏசியின் முனகல். அவர் கண்கள் சிவந்திருந்தன. “பச்சக்குழந்தை வார்டு வேற, டயாலிசிஸ் வேற. அங்க நீங்க புதுசுதானேம்மா? புதுசா வர்றவங்களுக்கு என்னவோ அதுதான்” என்று ஒரு தொகையைச் சொன்னார். அந்தத் தொகைக்கு என் ஜன்னல் அறையின் வாடகை கட்டாது. மறுபடி நாலு பேர் விடுதிதான். அங்கே ஒருத்தி பல் தேய்த்துக்கொண்டே பாடுவாள், அது உங்களுக்குத் தெரியும். பதில் வாய்வரை வந்தது. ஆனால், “அவன் தொகை சொன்னதும் நீ வாயைத் திறக்காதே, தவிச்சுப்போய்த் தானா ஏத்துவான்” என்று நிர்வாகத்தோடு முப்பது வருடம் பேசிய என் தொழிற்சங்கக்காரச் சித்தப்பா சொல்லியிருக்கிறாரே என்று அடக்கிக்கொண்டேன்.

அவர் தவிக்கவில்லை சித்தப்பா. நீங்கள் பேசிய நிர்வாகிகளுக்கு எதிரே பச்சிளங்குழந்தை வார்டு நர்ஸ் யாரும் உட்கார்ந்ததில்லை போலிருக்கிறது. ஆறு வருஷமா அலமாரிக் கதவைக்கூட விரல் கொடுத்துச் சாத்திப் பழகினவ நான், எங்க கைக்கு எது கிடைச்சாலும் அது தட்டிக்கொடுக்க ஆரம்பிச்சிடும், மடியில சர்டிபிகேட் ஃபைல் இருந்தது, அதைத் தட்டிக்கிட்டிருந்திருக்கேன், சீரா, மெதுவா. தொண்டைக்குள்ள ‘ம்ம்’னு ஒரு சத்தம் வேற. “என்ன சொல்றீங்க?” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “சொல்லுங்க…” என்றார். கன்னம் மேசையில் போய் மெதுவாக இறங்கியது.

நான் எழுப்பியிருக்க வேண்டும். ஆனால் அந்தப் பச்சை வெளிச்சத்தில் எனக்கும் நேரம் கரைந்துபோனது. டயாலிசிஸ் அறையை நினைத்துக்கொண்டிருந்தேன். சாய்நாற்காலிகளில் நாலு மணி நேரம் அசையாமல் இருக்கும் மனிதர்கள். ரத்தம் குழாய் வழியே ஊர் சுற்றிவிட்டுத் திரும்பி வரும். அவர்களுக்குப் பேச்சு வரும், சித்தப்பா. ஆறு வருடமாக நான் பார்த்துக்கொண்டவர்களில் ஒருவர்கூட எனக்குப் பதில் சொன்னதில்லை. யாருக்காவது ஒரு நாவலை உரக்கப் படித்துக் காட்டலாம், அவர் பாதியில் நிறுத்தி, “இவ இப்படிப் பண்ணியிருக்கக் கூடாதும்மா” என்று சொல்லக்கூடும். அதற்காகத்தான் இந்த மாற்றமே.

நினைப்பு அங்கே இருக்க, கை அதன் வேலையைப் பார்த்திருக்கிறது. அவர் கன்னத்தடியிலிருந்து பேனாவை எடுத்தேன். முகத்தை ஒருக்களித்து வைத்தேன். திரையை இழுத்து மூடினேன். முழு நிமிடம் மூச்சை எண்ணினேன்: பதினான்கு. பெரியவர்களுக்கு அது சரி. வார்டில் எங்கள் விதி ஒன்றுதான், தூங்குகிற உயிரைக் காரணமில்லாமல் எழுப்பக் கூடாது. சம்பளம் ஒரு காரணம் என்பது வெளியே வந்த பிறகுதான் உறைத்தது.

வாசலில் டைப்பிஸ்ட் அக்கா. “முடிஞ்சுதா? எவ்வளவுக்கு ஒத்துக்கிட்டாரு?”

“தூங்குறாரு.”

அவர் கதவு இடுக்கில் எட்டிப் பார்த்தார். “மூணு வருஷமா இந்த மனுஷன் கண்ணை மூடி நான் பார்த்ததில்ல. என்னம்மா குடுத்தே?”

“ஒண்ணும் குடுக்கல. தானா முழிக்கட்டும்க்கா. அழுதா மட்டும் கூப்பிடுங்க.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று தெரிந்தது. அக்கா சிரிக்கவில்லை, “சரி” என்று தலையாட்டினார். அது இன்னும் மோசம்.

ஆகவே நான் இருக்கிற வார்டிலேயே இருந்துவிடுவதாக முடிவு செய்துவிட்டேன். பேரம் பேசுவது எனக்குக் கைவராது. நீங்கள் அந்த அதிகாரிக்குப் போன் செய்ய வேண்டாம், சங்கத்து நண்பர்களை அனுப்ப வேண்டாம், இனி இந்தப் பேச்சே வேண்டாம். சித்திக்கு என் அன்பு. மாடிப்படியில் பார்த்து இறங்கச் சொல்லுங்கள். உங்கள் ஆசி எப்போதும் போல வேண்டும், ஆலோசனை சில நாள் கழித்துப் போதும்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகள்

பி.கு.: இந்தக் கடிதம் ஒரு வாரமாகக் கைப்பையிலேயே கிடந்தது. இடையில் அந்த அதிகாரி கூப்பிட்டனுப்பினார். “இந்தத் தடவை நின்னுக்கிட்டே பேசலாம்மா” என்றார். நின்றோம். தொகையை நானே முதலில் சொன்னேன். ஆறு வருடத்தில் நாலைக் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். ஜன்னல் அறையைக் காலி செய்யவில்லை. திங்கட்கிழமை டயாலிசிஸில் சேர்ந்துவிட்டேன்.