நாத்தனார் முடிச்சும் அண்ணன் செய்த கொக்கியும்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் வாழ்க்கையில் முதன்முதலாக ஹெல்மெட் போட்டது உயிருக்குப் பயந்து அல்ல, கொண்டைக்குப் பயந்து.

காரைக்குடியில் ஹெல்மெட் போடாதவர்களிடம் காரணம் கேட்டுப் பாருங்கள். முடி கொட்டும், வேர்க்கும், காது கேட்காது, "இந்தா, இங்குட்டு கடை வரைக்கும்தானே போறேன்" என்று வரிசையாக வரும். போடுகிறவர்களின் காரணங்கள் இன்னும் ருசியானவை. என் அப்பா, போலீஸ் நிற்கும் திருப்பத்துக்கு முன்னால் மாட்டிக்கொண்டு, திருப்பம் தாண்டியதும் கழற்றி டேங்க் மேல் வைத்துவிடுவார். எதிரே வரும் சொந்தக்காரர்களிடம் நின்று பேசாமல் தப்பிப்பதற்கென்றே போடுகிற ஒரு மாமாவும் எனக்கு உண்டு. (வண்டியை வைத்தே எல்லாரும் கண்டுபிடித்துவிடுகிறார்கள் என்பது பாவம், அவருக்கு இன்னும் தெரியாது.) மண்டைக்காகப் போடுகிறேன் என்று சொன்னவரை நான் பார்த்ததாக நினைவில்லை.

நான் போடாததற்குக் காரணம் பூ. தலை நிறைய மல்லிகை வைத்துக்கொண்டு, வாசனை பின்னால் பறக்க, ஏதோ ஒரு நினைப்பில் ஸ்கூட்டரில் போவது அந்த வயதில் எனக்குப் பிடித்திருந்தது. அந்த 'ஏதோ ஒரு நினைப்பு' தான் என் வியாதி. யார் என்ன சொன்னாலும் "ம்" என்பேன். ஒரு சொல்கூட உள்ளே போயிருக்காது.

எங்களுடையது நகை வேலை செய்கிற குடும்பம். அண்ணன் முத்துராசு பட்டறையில் உட்கார்ந்தால் உலகம் மறந்துவிடும். அவனுடைய ஹெல்மெட்டின் தாடைப் பட்டியில் இருந்த கொக்கி ஒருநாள் உடைந்தது. மற்றவர்களாக இருந்தால் கடையில் புதிது வாங்கி மாட்டியிருப்பார்கள். நகை வேலைக்காரன் வாங்குவானா? பித்தளையில் தானே ஒன்று செய்தான். கழுத்து மாலைக்கு, யார் இழுத்தாலும் கழன்றுவிடாமல் ரகசியமாக ஒரு பூட்டு வைப்பார்களே, அந்த வேலைப்பாடு. அரத்தால் ராவி, மெருகு போட்டு, ஓரத்தில் சின்னதாக ஒரு பூகூடச் செதுக்கியிருந்தான்.

"ஏ செல்வி, இங்க பாரு. ரெண்டு பக்கமும் அமுக்கி, அரைச் சுத்து திருகி, அதுக்கப்புறம் ஒண்ணு செய்யணும். வெளங்குச்சா?"

"ம்."

நான் அப்போது ஜன்னல் வெயிலில் மிதந்துகொண்டிருந்த தூசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தத் தூசியில் எவ்வளவு தங்கம் இருக்கும் என்று யோசனை. அந்த 'ஒண்ணு' என்ன என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

அந்தத் தை மாதம் அண்ணனுக்குக் கல்யாணம். பெண் மீனா. கல்யாணம் அமராவதிபுதூரில், காலை ஏழரைக்கு மேல் முகூர்த்தம். மாப்பிள்ளை தாலியில் முதல் முடிச்சுப் போட்டதும், மற்ற இரண்டையும், அதாவது நாத்தனார் முடிச்சை, போட வேண்டியது மாப்பிள்ளையின் அக்காவோ தங்கையோ. அண்ணனுக்கு ஒரே தங்கை நான்தான். சின்ன வயதில் ஜன்னல் கம்பியில் மஞ்சள் கயிறு கட்டிக் கட்டிப் பழகியிருக்கிறேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். என் கல்யாணத்தைப் பற்றிக்கூட அவ்வளவு கனவு கண்டதில்லை.

எனவே அன்றைக்கு என் தலை சாதாரணமாக இருக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். விடிவதற்குள் அண்ணனின் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு, காரைக்குடியில் பார்லர் வைத்திருக்கும் தோழி மல்லிகாவிடம் போய் உட்கார்ந்தேன். சவுரி வைத்து, ஊசி குத்தி, நாலு முழம் மல்லிகையைச் சுற்றி, அவள் எழுப்பிய கொண்டை ஒரு சின்னக் கோபுரம்.

"காத்துல போனா கலைஞ்சிரும்டி. பனி வேற பெய்யுது" என்றாள் மல்லிகா.

சீட்டுக்கு அடியில் அண்ணனின் ஹெல்மெட் இருந்தது. அவனுக்குத் தலை பெரிசு. கொண்டையை மெல்ல அமுக்கி, உள்ளே அனுப்பி, கொக்கியை மாட்டினேன். 'க்ளிக்' என்று ஒரு சத்தம். அவ்வளவு அழகான சத்தம் அது.

அந்தப் பயணத்தை என்னால் மறக்க முடியாது. கண்மாய் மேல் பனி கிடந்தது. கரை தெரியவில்லை, பனைகளின் தலைகள் மட்டும் தெரிந்தன. ஹெல்மெட்டுக்குள் என் மூச்சும் மல்லிகை வாசனையும் மட்டும்தான். லாரி ஒன்று கடந்து போனது, அதுகூடத் தூரத்தில் யாரோ பாய் சுருட்டுகிற மாதிரிதான் கேட்டது. நானும் அந்தப் பனியும் ஒன்றாகவே மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுவோம் என்று தோன்றியது. இப்படியே நாட்டரசன்கோட்டை வரை போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். (மண்டபத்தைத் தாண்டி ஒரு கிலோமீட்டர் போய்த்தான் விட்டேன்.)

திரும்பி வந்து, வண்டியை நிறுத்தி, கொக்கியைக் கழற்றப் போனேன். அமுக்கினேன். திருகினேன். அதற்கப்புறம் அந்த 'ஒண்ணு'?

வாசலில் நின்ற பெரியம்மா இழுத்துப் பார்த்தார். பெரியம்மா மகள் வள்ளி நகத்தால் நெம்பிப் பார்த்தாள். மேளக்காரர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "நல்ல வேலைப்பாடும்மா" என்று பாராட்டிவிட்டுப் போனார். சமையல்காரர் கத்தியோடு ஓடி வந்தார்.

"முகூர்த்த நேரத்துல பொம்பளப்புள்ள கழுத்துக்கிட்ட கத்தியா? அங்குட்டுப் போங்கய்யா!" என்று பெரியம்மா அவரை விரட்டினார்.

அண்ணன் மட்டும்தான் அதைத் திறக்க முடியும். அண்ணனோ கையில் காப்புக் கட்டி, ஐயர் சொல்வதையெல்லாம் திருப்பிச் சொல்லிக்கொண்டு மணவறையில் உட்கார்ந்திருந்தான். பட்டுப்புடவையும் ஹெல்மெட்டுமாக நான் மேடை ஏறினேன். மண்டபம் அப்படியே அமைதியானது. அல்லது எனக்குக் கேட்கவில்லை, இரண்டில் ஒன்று.

"அண்ணே, கழட்டி விடுண்ணே."

"அன்னைக்கே சொல்லிக் குடுத்தேன்ல?"

"கவனிக்கலண்ணே."

அவன் கையை நீட்டுவதற்குள் ஐயர் தடுத்துவிட்டார். "கையில தாலி வாங்கற நேரம். நல்ல நேரம் போயிண்டிருக்கு. அப்புறம் பாத்துக்கலாம்."

அப்போதுதான் பெரியம்மா நான் பயந்துகொண்டிருந்ததைச் சொன்னார். "பொண்ணு வீட்டுக்காரவுக என்ன நெனப்பாக? தலையில இத மாட்டிக்கிட்டா முடிச்சுப் போடுறது? இவ ஒதுங்கி நிக்கட்டும். எங்க வள்ளியும் தங்கச்சி முறைதானே, அவ போடட்டும்."

வள்ளி தயங்கித் தயங்கி முன்னால் வந்தாள். ஹெல்மெட்டுக்குள் நான் அழுதேன். கண்ணைத் துடைக்கக் கை உள்ளே போகவில்லை. முன்கண்ணாடி வேறு ஆவி படிந்து மங்கிப் போனது. அதை மேலே தள்ளிவிட்டேன். ஜன்னல் கம்பியில் கட்டிய அத்தனை மஞ்சள் கயிறும் கண் முன்னால் வந்தது. ஒரு கொண்டைக்காக இதைத் தொலைத்துவிட்டேனே என்று என் மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது.

அப்போது, அதுவரை குனிந்த தலை நிமிராமல் இருந்த கல்யாணப்பெண் மெதுவாகப் பேசினாள்.

"இவுக செஞ்ச கொக்கிய இத்தன பேரு சேந்தும் கழட்ட முடியல. அப்படிப்பட்ட வீட்டுல போடுற முடிச்சு கழண்டுருமா அத்தை? செல்வியே போடட்டும்."

எனக்கு அது அரைகுறையாகத்தான் கேட்டது. ஆனால் பெரியம்மாவின் முகம் தளர்வதைப் பார்த்தேன். வள்ளி என் கையைப் பிடித்து மீனாவுக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினாள்.

கெட்டிமேளம் முழங்கியது. எனக்கு அது தண்ணீருக்கு அடியில் கேட்பது போலிருந்தது. குனிந்ததும் அந்த மங்கிய கண்ணாடி மறுபடி 'டப்' என்று இறங்கியது. ஒன்றும் தெரியவில்லை. விரலுக்குத் தெரிந்தது. அண்ணன் போட்ட முதல் முடிச்சைத் தொட்டுப் பார்த்து, அதன் மேல் ஒன்று, இன்னும் ஒன்று. உள்ளே என் மூச்சு, வெளியே பூவாக விழுகிற அட்சதை. ஹெல்மெட் மேல் அரிசி விழும் சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்டது, சின்ன மழை மாதிரி. அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன் இருந்ததில்லை.

அதன்பிறகு அண்ணன் கையை நீட்டி, கட்டைவிரலால் ஏதோ செய்தான். ஒரு நொடியில் கொக்கி திறந்துகொண்டது. நான் ஹெல்மெட்டைத் தூக்கினேன். அதோடு சேர்ந்து சவுரி, ஊசி, நாலு முழம் மல்லிகை எல்லாம் தூக்கிக்கொண்டு போயின. உள்ளிருந்து கூந்தல் தொங்குகிற ஹெல்மெட்டைப் பார்த்த பெரியம்மா, தலையே கையோடு வந்துவிட்டதென்று அலறிய அலறல், மேளத்தை நிறுத்திவிட்டது. போட்டோக்காரர் மட்டும் தன் கடமையைச் செய்தார். அந்தப் படம் அண்ணன் வீட்டு நடுக்கூடத்தில் பெரிதாக மாட்டியிருக்கிறது. மீனா மதினியின் ஏற்பாடு.

அதிலிருந்து நான் ஹெல்மெட் போடாமல் வண்டி எடுப்பதில்லை. (வேறு ஹெல்மெட், சாதாரணக் கொக்கி வைத்தது.) மண்டைக்காக என்றுதான் வெளியே சொல்லிக்கொள்கிறேன். உண்மையில், அந்தப் பனிக்காலைச் சத்தமின்மை அதற்குள் எனக்கு இன்னும் கிடைக்கிறது.

போன ஆவணியில் வள்ளியின் தம்பிக்குக் கல்யாணம். பெரியம்மா கைப்பட எழுதிய சாமான் பட்டியலை அண்ணனிடம் கொடுத்தனுப்பியிருந்தார். விரலி மஞ்சள், குங்குமம், தேங்காய், வெற்றிலை, பாக்கு என்று போன பட்டியலின் கடைசியில், 'ஹெல்மெட் 1, வள்ளிக்கு' என்று இருந்தது.

நான் சிரித்துக்கொண்டே போன் செய்தேன். "பெரியம்மா, என்ன கேலியா பண்றீக? புதுசா ஒண்ணு வாங்கியாரவா?"

"கேலி என்னடி கேலி" என்றார் பெரியம்மா. "புதுசெல்லாம் வேணாம். அந்தப் பழசத்தான் குடுத்து விடணும். கொக்கிய மட்டும் மாத்திறாதீக."