நத்தை பொறுக்கியவர்களின் சுரங்கக் குற்றம்

நத்தையின் வயிற்றில் ஈயம் இருப்பதாகத் தெரிந்த அன்றே அதற்கேற்ற சட்டத்தையும் கண்டுபிடித்த ஒரே நகராட்சி, உலகத்தில் எங்கள் ஒபுலாமா நகராட்சிதான். நான் அங்கே கூட்டக் குறிப்பு எழுதுகிறவன். பொய் சொல்லப் போவதில்லை.

ஆய்வறிக்கை போர்ட் ஹார்கோர்ட் நகரத்து ஆய்வகத்திலிருந்து வந்தது. கழிமுகத்துச் சேற்று நத்தையில் ஈயமும் காட்மியமும் அளவுக்கு மீறி இருக்கின்றனவாம். தலைவர் சோகாரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு முறை வாசித்தார்.

"ஏம்ப்பா, ஈயம் கனிமம்தானே?"

"ஆமாங்கய்யா."

"கனிமத்தைத் தோண்டி எடுத்தா அது சுரங்கம்தானே?"

"அப்படித்தான் வருதுங்க."

"அப்போ நத்தை பொறுக்குற நம்ம பொம்பளைங்க லைசென்ஸ் இல்லாம சுரங்கம் நடத்துறாங்கய்யா!"

எனக்கு மெய்சிலிர்த்தது.

மறுநாள் நத்தை பொறுக்கும் இபிஃபுரோவை முழங்கால் சேற்றோடு கூட்டத்துக்கு அழைத்து வந்தார்கள். அவளுடைய கூடை "சுரங்கக் கருவி" என்று பறிமுதலானது.

"வீட்டுல நாலு புள்ளைங்க தினம் இந்த நத்தைக் குழம்பைத்தான்யா குடிக்குது," என்றாள். "ஈயம் எங்கேருந்து வருதுன்னு பாப்பீங்களா, என் கூடையைப் புடுங்குவீங்களா?"

பழைய பேட்டரி உருக்கும் ஆலையின் மேலாளர் டியெபிரி துள்ளி எழுந்தார்.

"அது எங்க ஈயம்மா! பதினோரு வருஷமா எங்க குழாய் வழியா ஆத்துக்குப் போறது. நீ திருடிட்டிருக்கே!"

சபை கைதட்டியது.

"நல்லா யோசிச்சுச் சொல்லு தம்பி. உங்களுதுதானா?" என்றாள் இபிஃபுரோ.

"ஒவ்வொரு துளியும்!"

"எழுத்தரய்யா, எழுதிக்குங்க," என்றாள் என்னிடம்.

எழுதினேன். மேலாளர் கம்பீரமாகக் கையெழுத்துப் போட்டார்.

"சரி, வாங்க வீட்டுக்கு," என்றாள் இபிஃபுரோ. "மிச்ச ஈயம் எம் புள்ளைங்க ரத்தத்துல இருக்கு. உங்களுதுதானே, எடுத்துக்கிட்டுப் போங்க."

மேலாளர் உட்கார்ந்துவிட்டார். அவள் குரல் உடைந்திருந்தது. ஆனால் சோகாரி கலங்குகிற ஆளா? ஐந்தே நிமிடத்தில் தீர்மானம் நிறைவேறியது: அந்த நான்கு குழந்தைகளும் ஆலையின் "நடமாடும் சேமிப்புக் கிடங்குகள்". அனுமதியின்றி ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. நகம் வெட்டினால் துண்டுகளை ஆலையில் ஒப்படைக்க வேண்டும்.

ஆணையை நான்தான் எழுதினேன். கையெழுத்து முத்துமுத்தாக இருக்கிறதென்று தலைவரே மெச்சினார்.

ஆலையின் குழாயை அடைப்பது பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. விதிப்படி திறக்கவும் முடியாது. கூட்டத்தின் பொருள் பட்டியலில் அது இல்லை. அந்தப் பட்டியலைத் தயாரித்தவனும் நான்தான்.