பொறவு அண்ணனின் பழம்பொரி நாவல்

தமிழில் நாவல் எழுதியவர்கள் எத்தனையோ பேர். ஏத்தன் என்கிற நேந்திரம் பழத்தை மாவில் முக்கிப் பழம்பொரியாகப் பொரித்து, அதைத் தின்கிறவர்களின் வாயைப் பார்த்தே நாவலைத் திருத்தியவர் உலகத்தில் பொறவு அண்ணன் ஒருவர்தான். சந்தேகம் இருந்தால் இரணியல் ஸ்டேஷனில் இறங்கி விசாரித்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் அங்கே சாயாக்கடைக்காரர், அதாவது டீக்கடைக்காரர். அவருடைய சொந்தப் பெயர் ஆதார் அட்டைக்கு மட்டும்தான் தெரியும். எங்கள் பக்கம் "அப்புறம்?" என்பதை "பொறவு?" என்போம். அவருடைய கதையைப் படித்த யாராவது அந்த ஒரு வார்த்தையைக் கேட்டுவிட்டால் போதும், மனுஷன் அன்று முழுக்கத் தரையில் நடக்க மாட்டார். பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது.

மாதத்தில் இரண்டாவது ஞாயிறு அந்தக் கடையில் எங்கள் சங்கம் கூடும். சொந்தமாகப் புத்தகம் போடுகிறவர்களின் சங்கம். மொத்தம் மூன்று பேர். நான் பேய்க்கதை, ஏழு மின்னூல். ஏழுக்கும் குவைத்தில் இருக்கும் என் மச்சினன் படிக்காமலே ஐந்து நட்சத்திரம் போட்டிருக்கிறான். ரிட்டயர்டு டீச்சர் ஒருவர் கவிதை. அட்டையில் தன் போட்டோ பெரிதாக வரவேண்டும் என்பதைத் தவிர அவருக்கு இலக்கியக் கொள்கை எதுவும் கிடையாது. மூன்றாவது ஆள் அண்ணன். பதினான்கு வருஷமாக ஒரே நாவல். கடலோரத்து இனயம் கிராமத்திலிருந்து மஸ்கட்டுக்குப் போன அந்தோணி, பதினொரு வருஷம் கழித்து வீட்டுக்கு வருகிற கதை. அது ஒரு புத்தகமாகிக் கையில் கிடைக்க வேண்டும், அவ்வளவுதான் அவருடைய ஆசை.

"பதிப்பகத்துக்கு அனுப்பலாமே அண்ணே?"

"எதுக்கு மக்கா? அங்க ஒருத்தரு படிச்சு முடிவு பண்ணுவாரு. இங்க எனக்கு ஒரு நாளைக்கு நூறு பேரு வாறாங்க."

அவர் கார்பன் வைத்து எழுதுவார். அசல் நோட்டில் இருக்கும். நகலைத் தட்டில் விரித்து, மேலே வாழையிலைத் துண்டு போட்டு, அதன்மேல் பழம்பொரி வைப்பார். தின்று முடித்து இலையைத் தூக்கினால் அடியில் நாவல். படித்தவன் "பொறவு?" என்று கேட்டால் அந்தப் பக்கம் பிழைத்தது. கையைத் துடைத்துக் கசக்கிப் போட்டால், அண்ணன் அங்கேயே சிவப்புப் பேனாவை எடுத்து நோட்டில் அந்தப் பக்கத்தை அடித்துவிடுவார்.

ஒருநாள் உணவுப் பாதுகாப்பு அதிகாரி வந்து தட்டைப் பார்த்துவிட்டார். "அச்சடிச்ச தாள்ல பலகாரம் குடுக்கக் கூடாதுன்னு தெரியாதாய்யா?"

"சார், இது இன்னும் அச்சடிக்கல்ல. அதுக்குத்தான் கெடந்து இந்தப் பாடு படுதேன்."

அதிகாரி நாலு தாளைச் சாட்சியாக எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் ஜீப் திரும்பி வந்தது. போச்சுடா, கடையைப் பூட்டப்போகிறார்கள் என்று நாங்கள் எழுந்து நின்றோம். அவர் இறங்கவே இல்லை. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "அந்தோணிக்கு விசா கெடச்சுதா இல்லியா?" என்றார். நாலு பக்கமும் தப்பித்தன.

மற்ற பக்கங்களுக்கு அந்த யோகம் இல்லை. அறுநூறு பக்கம் நானூறானது, முந்நூறானது. அட்டைப்படம் என் பொறுப்பு. பக்கம் குறையக் குறையப் புத்தகத்தின் முதுகைக் கம்ப்யூட்டரில் ஒடுக்கிக்கொண்டே இருந்தேன். முதுகில் தலைப்பு வைக்கவே இடம் இல்லாமல் போய்விடுமோ என்று பயம் வந்துவிட்டது.

கடைசி அத்தியாயத்தில்தான் வந்தது வினை. அந்தோணி வீட்டு வாசலில் வந்து நிற்கிறான். அவன் பெண்டாட்டி அழவில்லை, திட்டவில்லை. "கால் கழுவீட்டு ஏறி வா, சோறு இருக்கு" என்கிறாள். அவ்வளவுதான் கதை. எட்டுப் பேர் படித்தார்கள். ஒருத்தர்கூட "பொறவு?" என்று கேட்கவில்லை. எப்படிக் கேட்பார்கள், கதைதான் முடிந்துவிட்டதே. அண்ணன் பேனாவை எடுத்து அந்தப் பக்கத்தை அடித்தார்.

இப்போது அதற்கு முந்தின பக்கம் கடைசிப் பக்கமாகிவிட்டது. அதற்கும் யாரும் கேட்கவில்லை. அதையும் அடித்தார். இப்படியே வாசலில் நின்ற அந்தோணி பஸ்ஸுக்குப் போய், பஸ்ஸிலிருந்து விமானத்துக்குப் போய், மூன்றே வாரத்தில் மறுபடி மஸ்கட்டுக்கே போய்ச் சேர்ந்துவிட்டான். விட்டால் பிறக்காமலே போய்விடுவான்.

"அண்ணே, முடிவுக்கு எவனும் பொறவுன்னு கேக்க மாட்டான்" என்று நான் கத்தினேன்.

"அப்போ அது நல்ல பக்கம்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். கண் கலங்கியிருந்தது. பதினான்கு வருஷத்துப் புத்தகம் வாலிலிருந்து கரைந்துகொண்டிருந்தது.

கடைசியாக ஒரு தடவை, அடித்த பக்கத்தைத் திரும்ப எழுதவைத்தேன். பெரிய பையோடு நாகர்கோவில் வண்டிக்குக் காத்திருந்த ஒருத்தருக்கு அதைப் பரிமாறினார். அவர் தின்றார், இலையை நீக்கினார், படித்தார். ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அண்ணன் சாயா வடிகட்டியைப் பிடித்தபடியே காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். கால் மணி நேரம் போனது. அண்ணன் கை சிவப்புப் பேனாவுக்குப் போனது.

அடுப்பில் நின்ற அவர் மனைவி செல்வி அக்கா கரண்டியைச் சட்டியில் வைத்துவிட்டு வந்தார். அதுவரை அந்த நாவலைப் பற்றி அக்கா ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

"பேனாவ அங்க வையுங்க. வாயத்தான் பாப்பீங்களா? அந்தாளுக்க வண்டி வந்து, நின்னு, போயும் போச்சு. அவரு எழும்பினாரா பாருங்க."

அந்த மனிதர் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். "இந்தத் தாள நான் கொண்டு போகட்டா?" என்று மட்டும் கேட்டார்.

அண்ணன் அந்தோணியை மஸ்கட்டிலிருந்து திரும்ப அழைத்து வந்துவிட்டார். புத்தகம் இருநூற்று எட்டுப் பக்கத்தில் வந்தது. பார்சலைக் கடையில் வைத்துத்தான் பிரித்தோம். டீச்சர் பின்னட்டையைத் திருப்பி, "உம்ம போட்டோ சின்னதாப் போச்சே" என்று வருத்தப்பட்டார். அண்ணன் ஒரு பிரதியைப் புரட்டாமல் வெறுமனே கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"முடிஞ்சிட்டா மக்கா?"

"முடிஞ்சிட்டு அண்ணே."

"நாளைக்கு நான் என்னத்த எழுத?"

என்னுடைய ஏழு புத்தகம் முடிந்தபோதும் எனக்கு இப்படி ஒரு கேள்வி வந்ததில்லை. அந்த மனுஷனின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, சாயா ஆறிப்போகும் வரை பக்கத்திலேயே நின்றேன்.