மாப்பிள்ளை வீட்டுக் காரைக் கழுவினேன்

பெண்ணை உறுதி பண்ண வருகிற நாளில், பெண்ணின் தம்பிக்குக் கட்டாயம் ஏதாவது ஒரு வேலை கொடுத்துவிட வேண்டும். பாய் விரிக்கச் சொல்லலாம், மோர் ஊற்றச் சொல்லலாம், ஒன்றும் இல்லாவிட்டால் மாட்டுக்குத் தவிடு வைக்கவாவது அனுப்பலாம். சும்மா விட்டால் அவனே ஒரு வேலையைத் தேடிக்கொள்வான். தொண்ணூறுகளின் கடைசியில், ஒரு மாசி மாதம், திருப்புலிவனத்தில் எங்கள் வீட்டில் என்னைச் சும்மா விட்டுவிட்டார்கள்.

அக்காவுக்கு அதற்கு முன் இரண்டு இடம் கைகூடி வந்து கடைசி நேரத்தில் தட்டிப்போயிருந்தது. ஊரில் ஜாடைமாடையாகப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். நைனா (எங்கள் வீட்டில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) யாருடைய கல்யாணத்துக்கும் போவதில்லை என்று ஆகிவிட்டது. மூன்றாவதாக வந்ததுதான் இந்த வாலாஜாபாத் இடம். மாப்பிள்ளையே காரை ஓட்டிக்கொண்டு அம்மா அப்பாவுடன் வந்தார். புதுக் கறுப்புக் கார். முன்னால் கட்டிய எலுமிச்சம்பழம்கூட வாடவில்லை. மனுஷன் கர்ச்சீப்பால் காரைத் தடவிக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குள் போனார்.

மண் ரோட்டுப் புழுதி கார் முழுக்கப் படிந்திருந்தது. கழுவிப் பளபளவென்று நிறுத்தினால், 'பொறுப்பான குடும்பம்' என்று அக்காவுக்கு ஒரு நல்ல பெயர் கிடைக்குமே! நான் அப்போதுதான் பி.எஸ்சி. இயற்பியல் முடித்திருந்தேன் (மூன்றாவது முயற்சியில்). அறிவு கைவசம் இருந்தது. போர் மோட்டாரைப் போட்டு ஹோஸைப் பிடித்தேன்.

எங்கள் போர் தண்ணீரில் பருப்பு வேகாது. அவ்வளவு உப்பு. அதை உச்சி வெயிலில், தோசைக்கல்லாகச் சுட்டுக்கொண்டிருந்த காரின் மேல் பீய்ச்சினேன். ஒரு பக்கம் முடித்து மறுபக்கம் போவதற்குள் முதல் பக்கம் தானாகக் காய்ந்துவிட்டது. துடைக்கிற வேலை மிச்சம் என்று சந்தோஷப்பட்டேன். கிட்டே போய்ப் பார்த்தால், கறுப்புக் காரில் வெள்ளை வெள்ளையாய்ப் புள்ளி. விசேஷத்துக்காகத் தோளில் போட்டிருந்த புதுத் துண்டால் துடைத்தேன். கஞ்சி போகாத துண்டு தண்ணீரைக் குடிக்கவில்லை. புள்ளியெல்லாம் கோடாயிற்று.

பக்கத்துக் களத்தில் ஏகாம்பரம் அண்ணன் பெரிய ஃபேனைப் போட்டு நெல் தூற்றிக்கொண்டிருந்தார்.

"இன்னாபா, காரு அம்மை போட்டா மாதிரி கீது?" என்றார்.

"வெயில்ல காயுதுண்ணே, அதான். துணியே படாம காத்துல ஒரே சீரா காயணும். ஒன் ஃபேனைக் கொஞ்சம் இப்டித் திருப்பேன்."

"அதுக்கின்னா, திருப்பிட்டாப் போச்சு. படிச்ச புள்ள சொல்றே."

காரை மறுபடி சொட்டச் சொட்ட நனைத்தேன். ஃபேனுக்கும் காருக்கும் நடுவில் பதர் குவிந்து கிடந்ததை நான் பார்க்காமலில்லை. பதர் லேசானது, காரைத் தாண்டிப் பறந்துவிடும் என்பது என் இயற்பியல். பறக்கத்தான் பறந்தது. கார் வரைக்கும்.

கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தபோது கறுப்புக் காரைக் காணோம். அங்கே உடம்பெல்லாம் மயிர் சிலிர்த்த, மஞ்சளான ஏதோ ஒரு பிராணி நின்றது. வெயிலுக்காக மாப்பிள்ளை களத்துப் பக்கத்துக் கண்ணாடிகளை இறக்கி விட்டிருந்ததும் எனக்கு அப்போதுதான் தெரிந்தது. (அப்படியானால் தண்ணீரும் உள்ளே போயிருக்க வேண்டுமே என்கிறீர்களா? போயிருந்தது.)

ஏகாம்பரம் அண்ணன் போட்ட சத்தம் கேட்டு எல்லாரும் வெளியே வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா, "யார்ரா என் புள்ள காரை இப்டிப் பண்ணது?" என்று கத்தினார். ஹோஸ் என் கையில் இருந்தது, தலை நிறையப் பதர் இருந்தது. யாரும் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"தெரியாம பண்ட்டான்மா, சின்னப் பையன்" என்றார் நைனா. சின்னப் பையனுக்கு மீசை இருந்தது.

"வூட்டுக்குப் போயி சொல்லி அனுப்புறோங்க" என்றார் அந்த அம்மா.

முன்பு தட்டிப்போன இரண்டு இடத்தாரும் சொல்லிவிட்டுப் போன அதே வார்த்தை. நைனா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். சிரிக்கச் சிரிக்க எழுதுகிறேனே தவிர, அந்த நிமிஷத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது. அடித்திருந்தால்கூடத் தேவலை.

அதுவரை தலை நிமிராத அக்கா, பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்தாள். இடுப்பில் குடிக்கிற தண்ணீர்க் குடம், தோளில் நைனாவின் நைந்துபோன வேட்டி.

மாப்பிள்ளையைப் பார்த்து, "காரைப் புளியமரத்து நெழலுக்கு எடுங்க. கொஞ்சங் கொஞ்சமா ஊத்துங்க, காயறதுக்குள்ள நான் தொடைச்சிர்றேன்" என்றாள். என் பக்கம் திரும்பி, "நீ எதையும் தொடாதே" என்றாள்.

அவர் ஊற்ற, அவள் துடைத்தாள். கல்யாணப் பெண் கார் துடைக்கிறதை மாமியார் ஆக வேண்டியவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார். நான் தள்ளி நின்றேன். என்னவோ பேசிக்கொண்டார்கள். மாப்பிள்ளை ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். கடைசியில் கார் ஒரு புள்ளி இல்லாமல் கறுப்பாகிவிட்டது. சீட்டுக்குள் புகுந்த நெல் சுணைதான் போகவில்லை. வாலாஜாபாத் வரைக்கும் மூன்று பேரும் சொறிந்துகொண்டே போனார்களாம்.

அப்புறம் பல நாள் ஒரு தகவலும் இல்லை. நைனா என்னோடு பேசவில்லை. நானும் வீட்டில் சாப்பிடுகிற நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தேன். ஒருநாள் மாப்பிள்ளையின் அப்பா தனியாக பஸ்ஸில் வந்து இறங்கினார்.

"பையன் இந்தப் பொண்ணுதான்னு ஒரே புடியா நிக்கிறான். எங்க வூட்டம்மாவும் சரின்னுட்டா" என்றவர், குரலைத் தாழ்த்தி, "பொண்ணு கெட்டிக்காரி, தம்பிதான் ஒரு மாதிரின்னா" என்றார். நான் கதவுக்குப் பின்னால்தான் இருந்தேன்.

கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குக் கால் கழுவிவிடுகிறது பெண்ணின் கூடப்பிறந்தவன் முறை. நான் சொம்போடு குனிந்ததும் அவர் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "மச்சான், போர் தண்ணியா?" மண்டபமே சிரித்தது. அந்த அம்மா எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரித்தார். நான் குனிந்த தலை நிமிராமல் கழுவி முடித்தேன்.

இது நடந்து எத்தனையோ வருஷம் ஆயிற்று. போன தையில் அக்கா மகனுக்குக் கல்யாணம். பெண்ணின் அண்ணன் கால் கழுவ உட்கார்ந்தான். அக்காவின் மாமியார், எண்பது வயதைத் தாண்டியவர், நாற்காலியில் இருந்தபடியே கை நீட்டி, சபை மொத்தமும் திரும்பிப் பார்க்க என்னைக் காட்டினார்.

"ஒனக்குத் தெரிஞ்சா மாதிரி கழுவுப்பா. தெரீலன்னாலும் பரவால்ல. அதோ நிக்கிறான் பாரு, அவன்கிட்ட மட்டும் கேட்டுக்கினு கழுவாதே."